கேதாரத்துப் பனியும் நெடுந்தீவுக் கிணறும்: யாழ்ப்பாணத்துச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கும், வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் உதவி ஆசிரியர்களுக்கும், படம் தெரிந்து பக்கம் கட்டுபவர்களுக்கும் வணக்கம்.

2021 பெப்ரவரி 7 ஆம் திகதி இந்தியாவின் உத்தரகாண்ட் மாநிலத்தில், சமோலி மாவட்டத்தில், பட்டப்பகலில் வெள்ளம் வந்தது. இரண்டு நீர்மின் திட்டங்களை அடித்துக்கொண்டு போனது. 200 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். தமிழில் அன்று ஓடிய தலைப்பு “பனிப்பாறை வெடித்து வெள்ளம்”. ஆங்கிலத்தில் வந்ததை அப்படியே இறக்கியிருந்தார்கள். பிறகு செய்மதிப் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொன்னது வேறு. ரொண்டி என்ற சிகரத்தின் சரிவில் சுமார் 27 மில்லியன் கன மீற்றர் பாறையும் பனிக்கட்டியும் ஒன்றாகக் கழன்று, ஏறத்தாழ 1,800 மீற்றர் கீழே விழுந்திருக்கின்றன. அதில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் பாறை. விழுந்த வேகத்தின் உராய்வில் கூட வந்த பனிக்கட்டி உருகி நீராகி, நொறுங்கிய கல்லோடு குழைந்து, சேறும் கல்லுமாக ஆற்றில் இறங்கியது. அங்கே வெடித்தது எதுவும் இல்லை. உடைந்த ஏரியும் இல்லை. பெப்ரவரி அங்கே கடுங்குளிர் காலம். அந்த உயரத்தில் உருகிய நீர் ஏரியை நிரப்பும் பருவமே கிடையாது. “இது என்ன மாதம்?” என்று ஒருவர் கேட்டிருந்தால் தலைப்பில் ஒரு கேள்விக்குறியாவது விழுந்திருக்கும்.

இந்த மடலை எழுதுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் புவியியலும் நிலத்தடி நீரியலும் படிப்பிக்கிறவர்கள். குறை சொல்வதற்காக எழுதவில்லை. இரவு பத்து மணிக்கு முகவரகச் செய்தி வந்து, பதினொரு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகவேண்டிய இடத்தில் என்ன நடக்கும் என்பது தெரியும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் செய்யக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறோம். இமயமலைக்குப் போகாமல், யாழ்ப்பாணத்தில் ஒரு மேசையில் இருந்துகொண்டே இந்தச் செய்தியைச் சரியாக எழுதலாம்.

முதலில் சொல். எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் வேலியோலையில் நிற்பது. அதே சொல்லைத்தான் வானத்திலிருந்து பஞ்சு போல விழுவதற்கும், இறுகிக் கட்டியானதற்கும், மூட்டமாக நிற்பதற்கும் பாவிக்கிறோம். பேச்சில் அது பிழை இல்லை. செய்தியில் பிழைக்கும். “பனிப்பாறை” என்ற ஒற்றைச் சொல்லை இரண்டு வேறு பொருள்களுக்குப் போடுகிறீர்கள்: மலைச்சரிவில் தன் எடையாலேயே மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டித் திணிவுக்கும், கடலில் மிதக்கும் துண்டுக்கும். முன்னது உருகினால் கடல்மட்டம் ஏறும். பின்னது உருகினால் அனேகமாக ஏறாது, அது ஏற்கெனவே தன் எடையளவு நீரை இடம்பெயர்த்துவிட்டது. விளிம்பு தொட நீர் நிரப்பிய தம்ளரில் மிதக்கும் ஐஸ்கட்டி உருகினால் தண்ணீர் வழியாது. தம்ளருக்கு மேலே வடிகட்டியில் வைத்த ஐஸ்கட்டி உருகினால் வழியும். ஒரே சொல் இரண்டையும் மூடும்போது வாசகருக்கு இந்த வித்தியாசம் எந்தக் காலத்திலும் விளங்கப்போவதில்லை. சமோலியில் இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. உண்மையாகவே பாறை விழுந்த இடத்தில் “பனிப்பாறை” என்று எழுதியபோது, அந்தப் பாறையைக் குறிக்கச் சொல்லே இல்லாமற் போனது.

எங்கள் பாடப்புத்தகங்களில் நல்ல சொல் ஒன்று கிடக்கிறது: பனிக்கட்டியாறு. சாதாரணதர மாணவருக்கும் தெரிந்த சொல். நகர்கிறது என்ற செய்தியும் அதற்குள்ளேயே இருக்கிறது. மலையில் இருப்பதற்கு அதையே போடுங்கள். கடலில் மிதப்பது பனிக்கட்டிமலை. அந்தாட்டிக்காவையும் கிறீன்லாந்தையும் மூடியிருப்பது பனிவிரிப்பு. கடல்நீரே உறைந்தது கடற்பனிக்கட்டி. ஆண்டு முழுவதும் உறைந்துகிடக்கும் மண்ணும் பாறைவெடிப்பும் உறைநிலம். இந்த ஐந்தையும் ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. “வெடிப்பு” என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து வெடிமருந்துக்கும் கிணற்றுப் பாறைக்கும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது “உருகுகிறது” என்ற வினை. பனிக்கட்டியாறு ஒவ்வொரு வருடமும் உருகத்தான் செய்யும். அது செய்தி இல்லை. வங்கிப் புத்தகம் போல ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. மேற்சரிவில் விழுந்து இறுகும் வெண்பனி வரவு, கீழ்ச்சரிவில் உருகி ஓடுவது செலவு. செலவு வரவை மிஞ்சிய தொகைதான் செய்தி. இதை அளப்பவர்கள் கீழ்ப்பகுதியில் பனிக்கட்டிக்குள் பல மீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டு மூங்கில் கழியோ பிளாஸ்ரிக் குழாயோ நட்டுவிடுவார்கள். பருவ முடிவில் கழி எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவு உயரம் உருகியிருக்கிறது. மேற்பகுதியில் குழி வெட்டி, அந்த வருடத்து வெண்பனியின் தடிப்பையும் அடர்த்தியையும் நிறுத்துப் பார்ப்பார்கள். புதிதாக விழுந்த வெண்பனி ஒரு கன மீற்றர் 100 கிலோ அளவில்தான் நிறுக்கும். பனிக்கட்டி 900 கிலோ. அதனால்தான் விஞ்ஞானிகள் எல்லாவற்றையும் “மீற்றர் நீர்ச்சமவலு” என்று மாற்றிச் சொல்கிறார்கள். ஒரு மீற்றர் பனிக்கட்டி உருகினால் 0.9 மீற்றர் நீர். செய்தியில் “1 மீற்றர் நீர்ச்சமவலு இழப்பு” என்று இருந்தால் “ஒரு மீற்றர் பனி உருகியது” என்று எழுதாதீர்கள். “பனிக்கட்டியாறு முழுவதும் சராசரியாக ஒரு மீற்றர் உயர நீரளவு குறைந்தது” என்று எழுதினால் போதும்.

இமயமலையின் மத்தியிலும் கிழக்கிலும் ஒரு விசேடம் உண்டு. அங்கே வரவும் செலவும் ஒரே பருவத்தில், கோடைப் பருவமழையோடு நடக்கின்றன. வெப்பநிலை கொஞ்சம் ஏறினால் வெண்பனியாக விழவேண்டியது மழையாக விழும். வரவு குறைகிறது, அந்த மழையே உருகலையும் கூட்டுகிறது. “அங்கேதான் எப்போதும் குளிராச்சே” என்று கேட்கும் வாசகருக்கு இதுதான் பதில்.

எண்களுக்கு வருவோம். பிழை அதிகம் விழுவது இங்கே. 2025 பெப்ரவரியில் வெளிவந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு, 2000 முதல் 2023 வரை உலகின் பனிக்கட்டியாறுகள் வருடத்துக்குச் சராசரியாக 273 பில்லியன் தொன் பனிக்கட்டியை இழந்தன என்றது. இதில் கிறீன்லாந்து, அந்தாட்டிக்கா பனிவிரிப்புகள் சேரவில்லை. அந்தக் காலத்தின் முதற்பாதியைவிட இரண்டாம் பாதியில் இழப்பு 36 சதவீதம் கூடியது என்றும், மொத்தத்தில் பனிக்கட்டியாறுகள் 2000 இல் இருந்ததில் சுமார் 5 சதவீதத்தை இழந்தன என்றும் அதே ஆய்வு சொன்னது. இப்போது கவனியுங்கள். “36 சதவீதம்” என்பது வேகம் கூடிய அளவு. “உலகப் பனிக்கட்டியாறுகள் 36 சதவீதம் உருகின” என்று தமிழில் போட்டால் உண்மையை ஏழு மடங்கு ஊதிவிட்டோம். சதவீதம் வந்தால் மூன்று கேள்வி: எதில் சதவீதம் (பரப்பா, கனவளவா, எண்ணிக்கையா, வேகமா)? எந்த ஆண்டில் இருந்து? எந்தப் பிரதேசத்தில்? மூன்றில் ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால் அந்த எண்ணைத் தலைப்பில் போடவேண்டாம்.

பில்லியனை மில்லியனாக்குவதும், கோடிக்கு மாற்றும்போது ஒரு பூச்சியத்தைத் தின்பதும் பழைய கதை. சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு பில்லியன் தொன் நீர் என்பது ஒரு கன கிலோமீற்றர். ஏறத்தாழ 360 பில்லியன் தொன் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் 1 மில்லிமீற்றர் ஏறும். ஆகவே 273 ஐ 360 ஆல் பிரித்தால் வருடத்துக்கு 0.75 மில்லிமீற்றர் வரும். 24 வருடத்துக்கு 18 மில்லிமீற்றர். ஆய்வும் அதையே சொல்கிறது. உங்கள் மொழிபெயர்ப்பில் இந்தக் கணக்கு பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு பூச்சியம் போய்விட்டது.

வாசகருக்கு உவமை வேண்டும். “இத்தனை இலட்சம் ஒலிம்பிக் நீச்சல் தடாகம்” என்று வருவதை எடுத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் அதைக் கண்டவர் எத்தனை பேர்? இரணைமடுக் குளம் முழுதாக நிரம்பினால் 119,500 ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் அடி 1,233 கன மீற்றர். ஆகச் சுமார் 147 மில்லியன் கன மீற்றர். 273 கன கிலோமீற்றர் என்பது 1,850 இரணைமடு. வான்பாயும் குளக்கட்டில் நின்று பார்த்த எவருக்கும் இது விளங்கும்.

எதிர்காலத்தைச் சொல்லும் எண்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. 2007 இல் வந்த ஐ.நா. காலநிலை அறிக்கையில் இமயமலைப் பனிக்கட்டியாறுகள் 2035 க்குள் இல்லாமற் போகலாம் என்று ஒரு வரி இருந்தது. அது ஆதாரமற்றது என்று 2010 ஜனவரியில் அந்த அறிக்கையை வெளியிட்ட குழுவே ஒப்புக்கொண்டு விலக்கியது. ஆனாலும் 2035 சாகவில்லை. வட்ஸ்அப்பில் இன்றும் உலாவுகிறது. கட்டுரைப்போட்டிக் கட்டுரைகளில்கூடத் தலைகாட்டுகிறது. இன்றைக்கு மேற்கோள் காட்டத்தக்கது காத்மண்டுவில் உள்ள ஒருங்கிணைந்த மலை அபிவிருத்திக்கான சர்வதேச நிலையத்தின் மதிப்பீடு. 2019 இல் அது சொன்னது: உலக வெப்பமேற்றத்தை 1.5 பாகை செல்சியசுக்குள் பிடித்தாலும் இந்துகுஷ் இமயமலைப் பனிக்கட்டியில் மூன்றில் ஒரு பங்கு 2100 க்குள் போய்விடும். வாயு வெளியேற்றம் அன்றிருந்தபடி தொடர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு. பாருங்கள், இரண்டு எண்ணுக்கும் முன்னால் ஓர் “ஆல்” விகுதி இருக்கிறது. அந்த விகுதியை வெட்டினால் எதிர்வுகூறல் சாத்திரமாகிவிடும். “போகும்”, “போகலாம்”, “போகச் சாத்தியம்” மூன்றும் வேறு. ஐ.நா. காலநிலை அறிக்கைகளில் “சாத்தியம்” என்பது 66 சதவீதத்துக்கு மேல் என்றும் “மிகச் சாத்தியம்” என்பது 90 சதவீதத்துக்கு மேல் என்றும் வரையறுத்தே எழுதுகிறார்கள். அது மொழியழகுக்கு வந்த அடைமொழி இல்லை.

இனி, அனர்த்தச் செய்தி. மலையில் வெள்ளம் என்றதும் “பனி உருகி வெள்ளம்” என்று எழுதும் கை இருக்கிறது. கொஞ்சம் பொறுக்கவேண்டும். அவ்வகை வெள்ளம் வரக் குறைந்தது நான்கு வழிகள் உண்டு. ஒன்று, கடும் மழை. 2022 இல் பாகிஸ்தானை மூழ்கடித்ததில் பெரும்பங்கு சிந்துவிலும் பலுசிஸ்தானிலும் வழமையின் பல மடங்கு பெய்த பருவமழை; பனிக்கட்டியாறுகளை முதற்காரணமாக்கிய செய்திகள் திசைமாறிப் போயின. இரண்டு, ஏரி உடைப்பு. பின்வாங்கும் பனிக்கட்டியாறு தான் தள்ளிவந்த கல்லும் மண்ணும் சேர்ந்த வரம்பை விட்டுப் போகும். அந்த வரம்புக்குப் பின்னால் நீர் தேங்கும். சீமெந்து இல்லாத, யாரும் கட்டாத அணைக்கட்டு அது. மேலேயிருந்து ஏதாவது சரிந்து ஏரிக்குள் விழுந்தால் அலை எழுந்து வரம்பைத் தாண்டி அரிக்கும். மூன்று, சமோலி போலப் பாறைச்சரிவு. நான்கு, இவை கலந்து வருவது.

சிக்கிம் மாநிலத்தில் 2023 ஒக்ரோபர் 3 இரவு நடந்தது கலப்பு வகைக்கு நல்ல பாடம். முதலில் மேகவெடிப்பு என்றே செய்தி வந்தது. உண்மையில் தெற்கு லோனாக் ஏரியின் ஓரத்து உறைநில வரம்பு சரிந்து ஏரிக்குள் விழுந்து, அலை எழும்பி, ஏரி உடைந்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாற் நீர்மின் திட்டத்தின் அணையை நீர் கொண்டுபோனது. இந்திய விண்வெளி நிறுவனத்தின் செய்மதி அளவீட்டில் செப்ரெம்பர் 28 இல் 167.4 ஹெக்ரேயராக இருந்த ஏரி ஒக்ரோபர் 4 இல் 60.3 ஹெக்ரேயர். எங்கள் ஊர்க் கணக்கில் (16 பரப்பு ஓர் ஏக்கர்) ஏறத்தாழ 4,200 பரப்பு அளவு நீர் ஒரே இரவில் காலி. அணையை எங்கே, எப்படிக் கட்டினார்கள், எச்சரிக்கை ஏன் போய்ச்சேரவில்லை என்பவையும் அந்தச் செய்திக்குள் வரவேண்டியவை. காலநிலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அணை கட்டியவர் தப்பிவிடுவார்.

2013 ஜூன் 16, 17 இல் கேதார்நாத்தில் நடந்ததும் கலப்புத்தான். நாட்கணக்கில் பெய்த மழை, கோவிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரியை உடைத்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. ஒவ்வொரு வருடமும் யாழ்ப்பாணத்திலிருந்து யாத்திரைக் குழுக்கள் அங்கே போகின்றன. அப்படியிருக்க இதை ஏன் வெளிநாட்டுப் பக்கத்தின் மூலையில் போடுகிறோம் என்பது எங்களுக்கு விளங்காத விடயம். யாத்திரை விளம்பரம் வரும் அதே மாதத்தில், எந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பருவத்தில் என்ன ஆபத்து, அங்கே எச்சரிக்கை ஒலி கேட்டால் எந்தப் பக்கம் ஏறவேண்டும் (ஆற்றோரமாக ஓடக்கூடாது, சரிவில் மேல்நோக்கி) என்று ஒரு பத்தி போடலாம்.

அனர்த்தம் நடந்த முதல் இரவுக்கு ஒரு பாதுகாப்பான வாக்கியம் தருகிறோம்: “மேற்பகுதியில் என்ன நடந்தது என்பது செய்மதிப் படங்கள் கிடைத்த பின்பே உறுதியாகும்.” இதை எழுதிவிட்டு, மாதம், மழை பெய்ததா, மேலே ஏரி இருந்ததா, வந்த நீர் தெளிவா சேறா என்ற நான்கையும் விசாரியுங்கள். மூன்றாம் நாள் திரும்பி வாருங்கள். சமோலியிலும் சிக்கிமிலும் சரியான விளக்கத்தின் தொடக்கம் ஓரிரு நாட்களுக்குள்ளேயே வெளிவந்துவிட்டது. அதற்குள் செய்தி பழசாகி, பக்கம் வேறு விடயத்துக்குப் போயிருந்தது.

படம் தெரிபவர்களுக்கு: துருவக் கரடி வேண்டாம். இமயமலையில் அது இல்லை, அல்ப்சிலும் இல்லை. மலைப் பனிக்கட்டியாற்றுச் செய்திக்கு நீலக்கடலில் மிதக்கும் துண்டின் படமும் வேண்டாம். “அன்றும் இன்றும்” சோடிப் படம் போடுவதானால் இரண்டும் ஒரே மாதத்தில் எடுத்தவையா என்று பாருங்கள். மார்ச்சில் எடுத்த வெள்ளை மலையையும் செப்ரெம்பரில் எடுத்த கறுப்பு மலையையும் பக்கத்தில் வைத்து “காணாமற்போன பனி” என்று எழுதினால் அது பருவ வெண்பனி கரைந்த கதை. படவிளக்கத்தில் பனிக்கட்டியாற்றின் பெயர், நாடு, மாதம், வருடம் நான்கும் வரவேண்டும்.

சொந்தமாகவே படம் எடுக்கலாம், செலவில்லை. ஐரோப்பாவின் கொப்பர்னிக்கஸ் இணையவரைபடத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் 27.91, 88.20 என்று அடித்தால் தெற்கு லோனாக் ஏரிக்கு மேலே போய் நிற்பீர்கள். சென்ரினல் 2 என்ற செய்மதியைத் தெரிவுசெய்து, முகில் அளவை 20 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். பருவமழை மாதங்களான ஜூன் முதல் செப்ரெம்பர் வரை முகிலைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒக்ரோபர் கடைசியும் நவம்பரும்தான் நல்ல காலம். 2022 இலும் 2023 இலும் அதே வாரத்துத் தெளிவான இரண்டு நாட்களை எடுங்கள். காட்சி வகையில் குற்றலை அகச்சிவப்பு (SWIR) என்பதைப் போட்டால் பனிக்கட்டியும் வெண்பனியும் நீலமாகவும், முகில் வெள்ளையாகவும், நீர் கறுப்பாகவும் பிரியும். சாதாரண நிறப் படத்தில் முகிலும் பனியும் ஒரே வெள்ளை. அங்கேதான் பலர் ஏமாறுவது.

ஒரு தடை உண்டு. சாதாரண நிறப் படத்தில் ஒரு புள்ளி நிலத்தில் 10 மீற்றர். கங்கோத்திரிப் பனிக்கட்டியாற்றின் முனை வருடத்துக்குச் சுமார் 20 மீற்றர் பின்வாங்குகிறது. அதாவது இரண்டே புள்ளி. போன வருடத்தையும் இந்த வருடத்தையும் ஒப்பிட்டு எதுவும் சொல்லமுடியாது. பத்து வருட இடைவெளி வையுங்கள். முனை நகராமலே பனிக்கட்டியாறு மெலியவும் கூடும். கல்லும் மண்ணும் தடிப்பாக மூடிய பனிக்கட்டி மெதுவாகவே உருகும், மீன்வாடியில் உமியிலும் மரத்தூளிலும் புதைத்த ஐஸ் போல. மெல்லிய தூசும் கரியும் படிந்தால் எதிர்மாறு. வெயிலை உறிஞ்சி வேகமாக உருகும். ஆகவே “முனை அசையவில்லை, எல்லாம் நலம்” என்று யாரும் சொன்னால் தடிப்பைக் கேளுங்கள். காரக்கோரத்தில் சில பனிக்கட்டியாறுகள் திடீரென முன்னேயும் பாய்கின்றன; அவை வளர்கின்றன என்று அதற்குப் பொருள் இல்லை, மேலே சேர்ந்திருந்தது கீழே இறங்குகிறது.

வட்ஸ்அப்பில் வரும் காணொளிகள் இன்னொரு தலையிடி. சுவிற்சர்லாந்தில் பல்லாயிரம் தமிழர் வாழ்கிறார்கள். 2025 மே 28 இல் அங்கே பிர்ச் பனிக்கட்டியாறு சரிந்து பிளாற்றன் கிராமத்தை மூடியபோது காணொளிகள் வந்து குவிந்தன. மேலே மலை உடைந்து பனிக்கட்டியாற்றின் மீது கல் குவிவதை அவதானித்து, சுமார் 300 பேரையும் ஒன்பது நாட்களுக்கு முன்பே வெளியேற்றியிருந்தார்கள். ஒருவர் மட்டும் இறந்தார். சரிவைவிட அந்த வெளியேற்றம் பெரிய செய்தி. காணொளி அனுப்புபவரிடம் அதை “ஆவணமாக” அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். ஒரு சட்டகத்தை நிறுத்திப் படத்தேடலில் போட்டால் பழைய காணொளியா என்று இரண்டு நிமிடத்தில் தெரியும். சுவிஸ் பனிக்கட்டியாறுகள் 2022 இலும் 2023 இலும் மட்டும் தம் கனவளவில் 10 சதவீதத்தை இழந்தன. அந்த வருடாந்தக் கணக்கு இலையுதிர்காலத்தில், செப்ரெம்பர் கடைசியை ஒட்டி வரும். அதை நாட்குறிப்பில் எழுதிவையுங்கள். உலகப் பனிக்கட்டியாறுகள் தினம் மார்ச் 21. 2025 இல் தொடங்கியது. காத்மண்டு எங்களைவிடக் கால் மணித்தியாலம் முந்தியது. சுவிஸ் கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம் பிந்தியது. அதனால் இரவு எட்டு மணிக்குக்கூட அங்கே ஒரு விஞ்ஞானியை அலுவலகத்தில் பிடிக்கலாம்.

கடைசியாக, எங்கள் கிணறுகள். இதைச் சரியாகச் சொல்லாவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண்.

இலங்கையில் பனிக்கட்டியாறு ஊட்டும் ஆறு ஒன்றும் இல்லை. குடாநாட்டில் வழுக்கையாற்றை விட்டால் ஆறே இல்லை. ஆகவே “இமயம் உருகினால் எங்களுக்குத் தண்ணீர் இல்லை” என்று எழுதக்கூடாது. சிந்து நதி வடிநிலம் உருகுநீரை மிகவும் நம்பியிருக்கிறது. கங்கை அவ்வளவு இல்லை, அதைப் பருவமழையே நிரப்புகிறது. பாகிஸ்தான் கிழங்கின் விலை என்ற வழியில் சிந்துவின் நீர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு வரலாம், ஆனால் அதற்கிடையில் வரி, டொலர், எரிபொருள் என்று வேறு பத்துக் காரணங்கள் நிற்கின்றன.

எங்களுக்கு வரும் நேர்வழி கடல்மட்டம். குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் ஒரு வில்லை போலக் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் நிற்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மறுபக்கம் பார்த்தால், மேலே பத்துச் சதமமீற்றர் குறைந்தால் கீழேயிருந்து உவர்நீர் நான்கு மீற்றர் ஏறலாம். சுண்ணக்கல்லில் வெடிப்பும் குகையும் இருப்பதால் நிலத்தில் இக்கணக்கு அப்படியே பலிக்காது. திசை மட்டும் பிழைக்காது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த வில்லையின் வெட்டுமுகத்தைப் பார்ப்பது போல. கடல்மட்டம் ஏறும்போது வில்லையும் மேலே ஏறவேண்டும். நெடுந்தீவு போலத் தாழ்ந்த, தட்டையான நிலத்தில் ஏற இடமில்லை. நிலம் தடுக்க, வில்லை மெலியும்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் 20 சதமமீற்றர் ஏறியது. 2006 முதல் 2018 வரை வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றர். மலைப் பனிக்கட்டியாறுகள் அதில் ஒரு பங்கு. வெப்பத்தில் கடல்நீர் விரிவதும் பனிவிரிப்புகளும் மிகுதி. உலகின் மலைப் பனிக்கட்டியாறுகள் முழுவதும் உருகினாலும் ஏறுவது சுமார் 32 சதமமீற்றர். 60, 70 மீற்றர் என்று வரும் எண் பனிவிரிப்புகளையும் சேர்த்தது. இரண்டையும் கலந்து “இமயம் உருகி யாழ்ப்பாணம் மூழ்கும்” என்று தலைப்புப் போட்டால் ஒருநாள் விற்கும், பிறகு உண்மையைச் சொன்னாலும் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

இன்று ஒரு கிணறு உவர்த்தால் அதற்கு முதற்காரணம் அனேகமாக அளவுக்கு மீறிய இறைப்பு, அல்லது மழை பொய்த்தது. உவர்க் கிணற்றுச் செய்திக்குப் போகும் நிருபரிடம் ஒரு மின்கடத்துதிறன் மானியைக் கொடுத்து அனுப்புங்கள், பேனா அளவுதான். நீரில் கரைந்த உப்புக் கூடினால் அதன் எண் ஏறும். புறப்படுமுன் 1,413 மைக்ரோசீமன்ஸ் நியமக் கரைசலில் தோய்த்து வாசிப்பைச் சரிபார்க்கவேண்டும். கடல்நீர் 50,000 அளவில் காட்டும். மோட்டர் போடுமுன் ஒரு வாசிப்பு, அரை மணித்தியாலம் இறைத்தபின் ஒரு வாசிப்பு. இறைக்க இறைக்க எண் ஏறினால் கீழிருந்து உவர்நீர் மேலே இழுபடுகிறது. மேல்நீரைக் கிள்ளிப் பார்த்து முடிவுசொல்லவேண்டாம், வாளியை அடிவரை விட்டு எடுங்கள். வெங்காயத் தோட்டத்துக் கிணறென்றால் பசளையின் நைத்திரேற்றும் எண்ணை உயர்த்தும்; குளோரைட் சோதனை செய்யாமல் கடல் என்று சொல்லமுடியாது. கடலிலிருந்து தூரம், கிணற்றின் ஆழம், கடைசி மழை பெய்த திகதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை அளந்தது செய்தி. பத்து வருடம் அளந்தது ஆதாரம். எனவே ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். நெடுந்தீவு, புங்குடுதீவு, காரைநகர், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி ஆகிய ஆறு இடங்களில் ஒவ்வொரு கிணறு. ஓகஸ்ட் கடைசியில் வரட்சி உச்சத்தில் ஒரு வாசிப்பு, ஜனவரியில் மாரி முடிந்தபின் ஒரு வாசிப்பு. வருடத்துக்குப் பன்னிரண்டு எண்கள். காலநிலைப் பக்கத்தின் ஓரத்தில், தங்க விலைக்குப் பக்கத்தில் என்றாலும் சரி, ஒரு சிறு கட்டம் தருவீர்களா? அளக்கும் வேலையையும் மானியைச் சரிபார்க்கும் வேலையையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். வரும் ஓகஸ்டிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் புவியியலும் நிலத்தடி நீரியலும் படிப்பிக்கும் சிலர்